கரி தீர்ந்த ஊரில் ஓர் ஒளிக்கோட்டை

ஜெர்மனிக்கு டூர் போகிறவர்களின் பட்டியலில் ஓபர்ஹவுசன் இருக்காது. பெர்லின் இருக்கும், மியூனிக் இருக்கும், கொலோன் தேவாலயத்தின் முன்னால் ஒரு செல்ஃபி இருக்கும். அந்தக் கொலோனிலிருந்து வடக்கே ஒரு மணி நேர ரயில் பயணத்துக்குள் இருக்கிற இந்த ஊரில் யாரும் இறங்குவதில்லை. பனிமலை கிடையாது, திராட்சைத் தோட்டம் கிடையாது, வாங்கிவந்து ஃப்ரிட்ஜில் ஒட்டிவைக்கக்கூடப் பெரிதாக எதுவும் கிடையாது.

ஆனால் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் கடைசியில், அல்லது மே தொடக்கத்தில், உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் இங்கே வந்து இறங்குகிறார்கள். ஓவியர்கள், சிற்பிகள், புகைப்படக்காரர்கள், கல்லூரியை முடித்த கையோடு கேமராவைத் தூக்கியவர்கள். அவர்கள் எடுத்த படங்கள் சில நிமிடங்களில் முடிந்துவிடும்; மிஞ்சிப்போனால் அரை மணி நேரம். பல படங்களில் கதை இருக்காது. வசனம்கூட இல்லாத படங்கள் உண்டு. எந்தத் தியேட்டரிலும் வெள்ளிக்கிழமை ரிலீஸ் ஆகாத படங்கள். அவற்றைப் பார்க்கத்தான் ஓபர்ஹவுசன் சர்வதேசக் குறும்பட விழா. 1954ல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய குறும்பட விழாக்களைச் சொன்னால் முதல் வரிசையில் வரும் பெயர்.

இப்படி ஒரு விழா பாரிஸில் நடந்தால் ஆச்சரியமில்லை. இந்த ஊரில் ஏன்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நானும் இங்கே ரயிலை விட்டு இறங்கினேன்.

ஊருக்கே பெயர் கொடுத்தது ரயில் ஸ்டேஷன்தான். 1847ல் கொலோன்-மிண்டன் ரயில் பாதை வந்தபோது இங்கே ஊர் என்று ஒன்று இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு சிறு மாளிகையின் பெயரை ஸ்டேஷனுக்கு வைத்தார்கள். பிறகு ஸ்டேஷனைச் சுற்றி ஊர் முளைத்தது. முளைக்க வைத்தவை இரண்டு: கரியும் இரும்பும். இன்றைய ஊரின் எல்லைக்குள் இருக்கும் புனித அந்தோணியார் இரும்பாலையில் 1758லேயே உலை மூட்டியிருக்கிறார்கள். ரூர் பகுதியின் கனரகத் தொழில் பிறந்த தொட்டில் அதுதான் என்பார்கள். அதிலிருந்து வளர்ந்த பெரிய கம்பெனியின் பெயர் குட்டேஹாஃப்னுங்ஸ்ஹுட்டே. வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை. 'நல்ல நம்பிக்கை இரும்பாலை' என்று பொருள்.

நம்பிக்கை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தாங்கியது. பிறகு ஒவ்வொன்றாக மூடினார்கள். ஊருக்குள் இருந்த ஓஸ்டர்ஃபெல்ட் சுரங்கம் 1992ல் நின்றது. பக்கத்து ஊரான பாட்ராப்பில் இருந்த ப்ராஸ்பர்-ஹானியல் சுரங்கத்தை 2018 டிசம்பர் 21 அன்று மூடியபோது, ஜெர்மனியின் கடைசி நிலக்கரித் துண்டை வெளியே எடுத்துவந்து ஜனாதிபதியின் கையில் கொடுத்தார்கள். அதோடு அந்தக் கதை முடிந்தது. இரும்பாலை இருந்த நிலத்தில் 1996ல் 'சென்ட்ரோ' என்ற பிரம்மாண்ட ஷாப்பிங் மால் எழுந்தது. மால் வந்ததும் பழைய கடைத்தெருவான மார்க்ட்ஷ்ட்ராஸே இளைத்துவிட்டது. இன்று அதில் நடந்தால் காலிக் கடைகளின் கண்ணாடியில் நம் முகமே தெரிகிறது. ஜெர்மனியில் மிக அதிகக் கடன் சுமை உள்ள நகராட்சிகளைப் பட்டியல் போட்டால் பல வருடங்களாக ஓபர்ஹவுசன் பெயர் அதில் உண்டு.

அந்தக் கடைத்தெருவுக்குக் கொஞ்சம் தள்ளித்தான் 'லிஷ்ட்பூர்க்' தியேட்டர். ஒளிக்கோட்டை என்று அர்த்தம். நம் ஊர்ப் பழைய தியேட்டர்களுக்கு வைப்பார்களே ஜோதி, பிரகாஷ் என்று, அந்த ரகம். விழா நாட்களில் வாசலில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் கூட்டம், கையில் காபி கப், பத்து மொழியில் பேச்சு. வருடத்தின் மற்ற நாட்களில் இதே திரைகளில் எல்லா ஊர்களிலும் ஓடும் படங்கள்தான் ஓடுகின்றன.

விழாவைத் தொடங்கியவர் ஹில்மார் ஹாஃப்மன். அப்போது அவர் இருபதுகளின் கடைசியில் இருந்த இளைஞர். சினிமாக்காரரும் அல்ல, ஓபர்ஹவுசன் 'மக்கள் கல்விக்கூட'த்தின் தலைவர். வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் மாலையில் வந்து மொழியோ, வரலாறோ, தையலோ படிக்கிற இடம் அது. ஜெர்மனியில் ஊருக்கு ஊர் உண்டு. உலகப் போர் முடிந்து 9 வருடம்தான் ஆகியிருந்தது. சினிமாவைப் பொய் சொல்லப் பயன்படுத்திய ஒரு ஆட்சியை அந்த நாடு அப்போதுதான் கடந்து வந்திருந்தது. சுரங்கத் தொழிலாளியும் உட்கார்ந்து படம் பார்த்து, படத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது ஹாஃப்மனின் எண்ணம். குறும்படம் செலவு குறைவு, பார்த்து முடித்துப் பேசவும் நேரம் கிடைக்கும். ஆகவே, இந்த விழா பிறந்த வீடு சினிமா கம்பெனி அல்ல, மாலைப் பள்ளிக்கூடம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஊரின் மேல் இருந்த ஆச்சரியம் பாதி குறைந்துவிட்டது, மரியாதை கூடிவிட்டது.

(ஹாஃப்மன் பின்னாளில் கோத்தே இன்ஸ்டிட்யூட்டின் தலைவராகவும் இருந்தார். சென்னை நுங்கம்பாக்கத்தில் நாம் மாக்ஸ் முல்லர் பவன் என்று அழைக்கிறோமே, அதன் தாய் நிறுவனம்தான் அது.)

1958ல் விழாவுக்கு ஒரு வாசகம் வைத்தார்கள்: 'அண்டை வீட்டுக்குப் போகும் வழி'. அந்த நாளில் மேற்கு ஜெர்மனிக்கு அண்டை வீடு என்றால் யார்? போலந்து, செக்கோஸ்லோவாகியா, ஹங்கேரி, யூகோஸ்லாவியா. எல்லாம் கம்யூனிஸ்ட் நாடுகள். பேசக்கூடாத அண்டை வீடு. அங்கிருந்து வரும் படங்களை மேற்கு ஜெர்மனி அரசின் குழு ஒன்று பார்த்துத்தான் உள்ளே விடும். அப்படிப்பட்ட நாளில் கிழக்கு ஐரோப்பியக் குறும்படங்களை வரவழைத்து, தொழிலாளர் ஊரில் போட்டுக் காட்டினார்கள். தலைநகரில் சந்தேகமாகப் பார்த்தார்கள். 'சிவப்பு விழா' என்று பெயர் கட்டினார்கள். விழா நிற்கவில்லை.

1962 பிப்ரவரி 28. அந்த வருட விழாவில் 26 இளைஞர்கள் கையெழுத்திட்ட ஒரு சிறிய அறிக்கை வாசிக்கப்பட்டது. ஒரு பக்கம்தான் வரும். மலைச்சாரல், வனக்காவலர், காதல், கல்யாணம் என்று ஜெர்மன் சினிமா சுற்றிச்சுற்றி ஒரே படத்தை எடுத்துக்கொண்டிருந்த காலம். அந்தச் சினிமா செத்துப்போய்விட்டது, புதியதை நாங்கள் செய்கிறோம், அதற்கான பண நஷ்டத்தையும் ஏற்கத் தயார் என்பதுதான் அறிக்கையின் சாரம். வீறாப்புதான். ஆனால் பலித்தது. 1965ல் புதியவர்களின் படங்களுக்குக் கடன் கொடுக்க ஒரு அமைப்பு உருவானது. கையெழுத்திட்டவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் க்ளூகே 1966ல் வெனிஸ் விழாவில் வெள்ளிச் சிங்கம் வாங்கினார். ஹெர்சாக், ஃபாஸ்பிண்டர், விம் வெண்டர்ஸ் என்று அடுத்து வந்தவர்கள் நடந்த பாதை இங்கே வெட்டியது. வெண்டர்ஸ் அந்த நேரத்தில் இதே ஊரின் ஷ்டெர்க்ராடே பகுதியில் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தார் என்பது கூடுதல் ருசி. 26 பேரிலும் ஒரு பெண்கூட இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'அப்பாக்களின் சினிமா'வை எதிர்த்த மகன்களுக்கு மகள்கள் ஞாபகம் வரவில்லை.

சரி, உள்ளே உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?

ஒரு காட்சிக்கு நாலைந்து படங்கள், சில சமயம் அதற்கு மேலும். விளக்கு அணையும், எரியும். எடுத்தவர் மேடைக்கு வருவார், பேசுவார். மறுபடி இருட்டு. முதல் நாள் நான் ஒவ்வொரு படத்திலும் "என்ன சொல்ல வருகிறார்?" என்று தேடிக்கொண்டே இருந்ததில் தலை வலித்தது. இரண்டாம் நாள் அதை விட்டேன். ராக ஆலாபனை கேட்கும்போது கதை என்ன என்று கேட்கிறோமா? மார்கழியில் எதிர்வீட்டம்மா கோலம் போடுவதைத் திண்ணையில் உட்கார்ந்து முழுதாகப் பார்க்கிறோம், புள்ளி வைத்ததும் "முடிவு என்ன?" என்று எழுந்து போவதில்லை. அப்படிப் பார்க்கத் தொடங்கினால் பாதிப் படங்கள் நம்மோடு பேச ஆரம்பிக்கின்றன.

மீதிப் பாதி? உண்மையைச் சொன்னால், சில படங்கள் சோதனைதான். எடுத்தவருக்கு அல்ல, நமக்கு. பக்கத்து சீட்டில் ஒருவர் நிம்மதியாகக் குறட்டை விட்டார். யாரும் அவரைத் தட்டி எழுப்பவில்லை.

கலைஞர்கள் எடுக்கும் படம் என்றால் என்னவென்று எனக்குப் புரியவைத்தது, விழாவுக்கு வெகுமுன்பே பார்த்த ஒரு படம். ஹாருன் ஃபரோக்கி என்ற ஜெர்மன் இயக்குநர் எடுத்தது. பெயரைப் பார்த்தாலே தெரியும். அவருடைய அப்பா இந்தியாவிலிருந்து போன மருத்துவர். சிறுவயதில் சில காலம் இந்தியாவிலும் வளர்ந்தவர். 2009ல் அவர் எடுத்த 'ஒப்பீட்டுக்காக' என்ற படம் 61 நிமிடம். செங்கல் செய்வதைக் காட்டும், அவ்வளவுதான். புர்கினா ஃபாசோவில் ஊரே கூடி மண் மிதித்துக் கல் அறுத்துப் பள்ளிக்கூடம் கட்டுகிறது. இந்தியாவில் சூளையில் பெண்கள் தலைச்சுமையாகக் கல் ஏற்றுகிறார்கள். ஐரோப்பாவில் ஆளே இல்லாத ஆலையில் இயந்திரக் கை கல்லை அடுக்குகிறது. பின்னணிக் குரல் இல்லை, இசை இல்லை, யார் பாவம், யார் முன்னேறியவர் என்ற தீர்ப்பும் இல்லை. செங்கல் சூளையைப் பஸ் ஜன்னல் வழியாக ஆயிரம் முறை கடந்திருக்கிறேன். அந்தப் படம் முடிந்த பிறகுதான் ஒரு கல்லுக்கு எத்தனை கை என்று எண்ணத் தோன்றியது.

இத்தகைய படங்களுக்கு வசூல் கிடையாது. லண்டனில் லக்ஸ், பாரிஸில் லைட் கோன் போன்ற சிறு விநியோக அமைப்புகள் அவற்றைப் பாதுகாத்து, கேட்பவர்களுக்கு வாடகைக்குத் தருகின்றன. புதிதாக எடுத்த ஒருவருக்கு முதல் பார்வையாளர் கிடைப்பது இப்படிப்பட்ட விழாவில்தான். நம் நாட்டுக்காரர் ஒருவரையே எடுத்துக்கொள்ளுங்களேன். பாயல் கபாடியாவின் 'தி லாஸ்ட் மேங்கோ பிஃபோர் தி மான்சூன்' என்ற குறும்படம் 2015ல் ஓபர்ஹவுசனில் திரையிடப்பட்டது. 2024ல் கான் விழாவில் அவருடைய 'ஆல் வீ இமேஜின் ஆஸ் லைட்' கிராண்ட் ப்ரீ வாங்கியபோது நாமெல்லாம் கைதட்டினோம். அதற்கு 9 வருடம் முன்பே இந்தக் கடன்கார ஊர் கைதட்டியிருக்கிறது.

வீடியோ கலைக்கும் இந்த வட்டாரம் சொந்தக்காரன்தான். ஓபர்ஹவுசனிலிருந்து அதிக தூரமில்லாத வுப்பர்டால் ஊரில், 1963 மார்ச்சில், கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக் என்ற இளைஞர் பழைய டி.வி. பெட்டிகளின் உள்ளே கையை விட்டு, படத்தைக் கோணலாக்கிக் கண்காட்சி வைத்தார். வரும் வழியில் ஒரு பெட்டி அடிபட்டு, திரையில் ஒரே ஒரு கோடுதான் தெரிந்தது. அவர் பெட்டியைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தார், கோடு செங்குத்தாக நின்றது. அதுவும் ஒரு படைப்பாகிவிட்டது. வீடியோ கலை அங்கேதான் தொடங்கியது என்று இன்று வரலாறு எழுதுகிறார்கள். நம் வீட்டில் அப்படி ஆனால் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்போம்.

அண்டை வீட்டுக்கு வழி போடுகிறோம் என்று சொல்லும் விழாவுக்குள்ளேயே சண்டை வராமல் இல்லை. 1968ல் சினிமா மானியச் சட்டத்தைக் கிண்டல் செய்த ஒரு படத்தை, ஆபாச வழக்கு வரும் என்று பயந்து நிகழ்ச்சியிலிருந்து எடுத்தார்கள். ஜெர்மன் இயக்குநர்கள் பெரும்பாலோர் தங்கள் படங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். 2023 அக்டோபரில் நடந்தது இன்னும் ஆறவில்லை. ஹமாஸ் தாக்குதலுக்குப் பிறகு, இஸ்ரேலுக்கு ஆதரவான பேரணிக்கு மக்களை அழைத்து விழாவின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு பதிவு வந்தது. அதன் வாசகங்கள் பாலஸ்தீனத்துக்காகப் பேசுகிறவர்களைக் கொச்சைப்படுத்துவதாகச் சொல்லி ஆயிரத்துக்கும் மேற்பட்ட திரைத்துறையினர் கண்டனக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். எதிர்ப்பக்கம் விழாவை ஆதரித்தும் குரல்கள் எழுந்தன. 2024ல் சில விநியோக அமைப்புகளும் கலைஞர்களும் வராமல் ஒதுங்கினார்கள். பிறகு தலைமை மாறிவிட்டது. 70 வருடமாகப் போட்ட பாதையில் ஒரு பதிவு எவ்வளவு பெரிய பள்ளம் தோண்டிவிடுகிறது! விலகியவர்களில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்பதுதான் எனக்கு அடையாள அட்டைக் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்த கேள்வி.

ஊர்க்காரர்கள் இதையெல்லாம் பார்க்கிறார்களா? லிஷ்ட்பூர்க் வாசலில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருடம் தவறாமல் ஒரு காட்சிக்கு வந்துவிடுவாராம். "இன்று ஆறு படம். இரண்டு பிடித்தது. டி.வி.யில் ஆறு நிகழ்ச்சி பார்த்தால் ஒன்றுகூடத் தேறாது" என்றார். இதைவிட நேர்மையான விமர்சனம் அந்த வாரம் என் காதில் விழவில்லை.

குழந்தைகளுக்கு இந்தக் கூச்சமெல்லாம் இல்லை. விழாவில் குழந்தைகள், இளையோர் படங்களுக்குத் தனிப் போட்டி உண்டு. பரிசு கொடுக்கும் நடுவர்களும் குழந்தைகளே. வகுப்பு வகுப்பாகப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். பிடித்தால் சத்தம், பிடிக்காவிட்டால் அதைவிடச் சத்தம். இந்த ஊர் மருந்துக்கடைக்காரர் ஒருவரின் பிள்ளையும் சின்ன வயதிலேயே கேமராவைக் கையில் எடுத்தான். கிறிஸ்டோஃப் ஷ்லிங்கன்ஸீஃப் என்று பெயர். சினிமா, நாடகம், கலை என்று ஜெர்மனியையே வம்புக்கிழுத்து, 2010ல் 49 வயதில் புற்றுநோயால் இறந்துபோனார். அடுத்த வருடம் வெனிஸ் கலைக் கண்காட்சியில் அவர் படைப்புகளை வைத்த ஜெர்மன் அரங்குக்குத் தங்கச் சிங்கம் கிடைத்தது.

போகிறவர்கள் ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கிக் 'காஸோமீட்டர்' பார்க்க வேண்டும். ஊதுலை வாயுவைச் சேமிக்க 1929ல் கட்டிய இரும்பு உருளை. 117 மீட்டருக்கு மேல் உயரம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் இன்னொன்றை வைத்தால்தான் எட்டும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1988ல் வாயு நின்றது. இடிப்பதா என்ற பேச்சைத் தாண்டி, 1990களில் கண்காட்சிக் கூடமானது. 1999ல் கிறிஸ்டோ-ஜான் க்ளோட் தம்பதி இதற்குள் 13,000 எண்ணெய்ப் பீப்பாய்களை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். உள்ளே நின்று கைதட்டினால் எதிரொலி பல முறை திரும்பி வருகிறது. லிஃப்டில் மேலே போனால் பழைய ஆலை நிலம் முழுக்கப் பச்சை. பக்கத்துக் கால்வாயின் மேல் 2011ல் டோபியாஸ் ரெபெர்கர் என்ற கலைஞர் செய்த 406 மீட்டர் நீள நடைபாலம், பிள்ளைகள் விளையாடும் சுருள்கம்பி மாதிரி வளைந்து கிடக்கிறது. கலர் கலரான தரை. நடந்தால் காலுக்குக் கீழே லேசாகத் துள்ளும்.

ஏப்ரல், மே என்று நம்பிப் பருத்திச் சட்டையோடு போகாதீர்கள், ஸ்வெட்டர் வேண்டும். ரயில் டிக்கெட் செலவைப் பார்க்காதவர்கள் கிழக்கே ஹாம் நகரம் வரை போய் ஸ்ரீ காமாட்சி அம்பாளைத் தரிசித்துவிட்டு வரலாம். இலங்கைத் தமிழர்கள் தொழிற்பேட்டைக்கு நடுவே எழுப்பி 2002ல் கும்பாபிஷேகம் செய்த கோயில். புகைபோக்கிகளையே பார்த்துப் பழகிய அந்த வட்டாரத்தில் ஒரு ராஜகோபுரம்.

ஜெர்மனி வரை போக முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 2020 மே மாதம் கொரோனா ஊரடங்கில் ஓபர்ஹவுசன் விழா முழுக்க இணையத்துக்கு மாறியது. தியேட்டர்கள் திறந்த பிறகும் இணையத் திரையிடலைத் தொடர்ந்தார்கள். நம் பக்கத்தில் ஷாய் ஹெரேடியா 2003ல் தொடங்கிய 'எக்ஸ்பெரிமென்டா' விழா இதே வகைப் படங்களுக்கானது. போனில் பார்ப்பதென்றால் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள், அறை விளக்கை அணைத்துவிடுங்கள், வாட்ஸ்அப் சத்தத்தையும் அடக்கிவிடுங்கள். முதல் படத்தில் தூக்கம் வந்தால் கவலை வேண்டாம், அடுத்தது எட்டு நிமிடத்தில் வந்துவிடும்.